ஆட்டம் முடிந்த பின்: மலாக்காத் தோட்டத் தமிழரும் காற்பந்து மதிப்பீடும்

முன்னுரை

காற்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவ்வாட்டத்தைப் பற்றிய பேச்சோ அன்றிரவும் மறுநாளும், சில வேளைகளில் அடுத்த ஆட்டம் வரையிலும் தொடர்கிறது. யார் நன்றாக ஆடினார், பயிற்றுநர் வகுத்த வியூகம் பொருத்தமானதா, மாற்று ஆட்டக்காரரை உரிய நேரத்தில் இறக்கினாரா, தோல்விக்குக் காரணம் எது என்னும் வினாக்களை இரசிகர்கள் தமக்குள் எழுப்பி விடை காண முயல்கின்றனர். இதனை நாம் ஆட்ட மதிப்பீடு எனக் குறிப்பிடலாம்.

இம்மதிப்பீட்டை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென ஒதுக்கிவிடும் போக்கு கற்றவரிடையே உண்டு. ஆயினும் ஒரு செயல் ஏன் வென்றது அல்லது ஏன் தோற்றது எனச் சான்று காட்டி வாதிடும் பழக்கத்தைப் பள்ளிப் படிப்பு மிகுதியாகக் கிட்டாத தோட்டத் தொழிலாளர் பலர் பயின்ற இடங்களுள் காற்பந்துத் திடலும் ஒன்று. மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழரிடையே இப்பழக்கம் எவ்வாறு உருவாயிற்று, முறையான மதிப்பீட்டிற்குரிய அளவுகோல்கள் யாவை, அவ்வளவுகோல்கள் கைவிடப்படும்போது நேரும் பிழை என்ன என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தோட்டமும் திடலும்

மலாயாவின் வணிகமுறை இரப்பர்ப் பயிரீடு மலாக்காவில்தான் தொடங்கியது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் மரங்களை நட்டார். அதன் பின்னர் புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களில் பால் வெட்டுவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய மலாக்காத் தமிழருள் பெரும்பகுதியினர்.

இரப்பர்த் தோட்டத்தின் வேலை ஒழுங்கு காற்பந்திற்கு வாய்ப்பாக அமைந்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. குளிர்ந்த விடியற்காலையில்தான் இரப்பர்ப் பால் நன்கு வடியும். ஆகவே பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிரித்துக்கொண்டு, மரம் வெட்டி, பால் சேகரித்து, நிறுவையில் கொடுத்து முடிக்க நண்பகல் கடந்துவிடும். அதன்பின் மாலைப்பொழுது ஏறத்தாழ அனைவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வாகக் கிடைத்தது. பல தோட்டங்களில் நிருவாகமே ஒரு நிலப்பகுதியைத் திடலாக ஒதுக்கியிருந்தது. தோட்ட மக்கள் அதனைப் 'பாடாங்' என்றனர். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றைப் போலவே பாடாங்கும் தோட்டத்தின் பொதுவிடங்களுள் ஒன்றாயிற்று.

இதனால் விளைந்த பயன் ஒன்றுண்டு. தோட்டத்தில் ஆட்டத்தைப் பார்த்தவர்களுள் பலர் தாமும் ஆடியவர்கள் அல்லது முன்பு ஆடி ஓய்ந்தவர்கள். அத்திடலின் எந்த மூலையில் மழைநீர் தேங்கும், எந்தப் பக்கம் சரிவு, எந்த இளைஞனுக்கு இடக்கால் வாகு என்பனவெல்லாம் அவர்கள் அறிந்தவை. பார்வையாளரும் ஆட்டக்காரரும் ஒரே லயத்தில் வாழ்ந்த சமுதாயத்தில் மதிப்பீடு என்பது ஆடிப் பெற்ற பட்டறிவின் மேல் எழுந்தது.

மதிப்பீட்டின் களங்கள்

ஆட்டம் முடிந்தவுடன் திடலோரத்திலேயே முதற்சுற்றுப் பேச்சு தொடங்கிவிடும். இரண்டாம் சுற்று கள்ளுக்கடையிலோ முடிதிருத்தும் கடையிலோ லயத்து வாசலிலோ நிகழும். மூன்றாம் சுற்று மறுநாள் விடியற்காலையில் பெரட்டின்போது நடைபெறும். சினம் தணிந்து, உறங்கி எழுந்து பேசும் இம்மூன்றாம் சுற்றில்தான் பெரும்பாலும் நிதானமான கருத்துகள் வெளிப்படுதல் இயல்பு.

இப்பேச்சில் உறவுமுறைக்கும் இடமிருந்தது. தவறு செய்த பின்களக்காரன் ஒருவனுக்குத் தம்பி, மற்றொருவருக்கு மருமகன். குறை சொல்பவர் அவனுக்கு மாமா அல்லது சித்தப்பா. மறுநாள் அதே பெரட்டுக் களத்தில் அவனைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்பதால் குறைகூறலுக்கு ஒரு வரம்பு இயல்பாகவே ஏற்பட்டது. கடுமையாகப் பேசினாலும் அடுத்த ஆட்டத்தில் அவன் எங்கு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு பேசியவருக்கு இருந்தது. குற்றம் காண்பதோடு நில்லாமல் திருத்தம் கூறுதல் இம்மதிப்பீட்டு மரபின் சிறந்த கூறு எனலாம்.

சொல்லாட்சியும் கவனிக்கத்தக்கது. கீப்பர், பேக், சென்டர் ஹாஃப், விங் முதலிய ஆங்கிலச் சொற்கள் தோட்டத் தமிழில் கலந்து வழங்கின. பின்னர்த் தமிழ் நாளேடுகளும் வானொலியும் கோல் காவலர், தற்காப்பு ஆட்டக்காரர், மத்தியத் திடல், தாக்குதல் ஆட்டக்காரர், பயிற்றுநர் முதலிய சொற்களைப் பரப்பின. பட்டணத்துக் கடைகளில் இவ்விரு வழக்குகளும் அருகருகே புழங்குவதைக் காண்கிறோம்.

நான்கு அளவுகோல்கள்

ஓர் ஆட்டத்தை எவ்வாறு எடைபோடுவது? இதற்கு நாம் வேற்றிடம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. திருக்குறள் பொருட்பாலில் ஒரு வினையை மேற்கொள்பவன் ஆராய வேண்டியவை தனித்தனி அதிகாரங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல் ஆகிய நான்கும் காற்பந்து மதிப்பீட்டிற்கு நேரே பொருந்துகின்றன. அவை வினை செய்யத் தொடங்குமுன் ஆராய்வதற்கு உரியவை. ஆட்டம் முடிந்த பின் மதிப்பிடுபவர், ஆடியவர்கள் அவற்றை ஆராய்ந்து ஆடினார்களா எனக் காண வேண்டும்.

முதலாவது வலியறிதல். தன் அணியின் வலிமையையும் எதிரணியின் வலிமையையும் பயிற்றுநர் சரியாகக் கணித்தாரா என்பது இதன்பாற்படும். விரைந்து ஓட இயலாத தற்காப்பு ஆட்டக்காரர்களைக் கொண்ட குழு, அவர்களை நடுக்கோடு வரை முன்னேற்றி நிறுத்துமானால், பின்னால் விரிந்து கிடக்கும் வெளியில் எதிரணியினர் ஒரே நீண்ட உதையில் பந்தைச் செலுத்தி ஓடிவிடுவர். இங்குப் பிழை ஓட இயலாத ஆட்டக்காரருடையதன்று. அவரை அங்கு நிறுத்திய வியூகத்தினுடையது.

இரண்டாவது காலமறிதல். எப்போது விரைந்து தாக்குவது, எப்போது பந்தைத் தம்வசம் வைத்து ஆட்டத்தை மெதுவாக்குவது, எந்த நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்குவது என்பவை இதில் அடங்கும். களைத்த கால்களுடன் கடைசிக் கால்மணி நேரத்தை எதிர்கொள்ளும் குழு, முற்பாதியில் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் தடுமாறும்.

மூன்றாவது இடனறிதல். சொந்தத் திடலா வேற்றுத் திடலா, நனைந்த புல்லா உலர்ந்த புல்லா என்பது ஆட்டத்தையே மாற்றிவிடும். நீர் தேங்கிய பாடாங்கில் தரையோடு அனுப்பும் குறும்பந்துகள் பாதியில் நின்றுவிடும். அங்கு உயர்த்தி உதைப்பதே அறிவுடைமை. அதே உதையை நல்ல திடலில் திரும்பத் திரும்பச் செய்தால் அது பந்தை எதிரணிக்கு வாரி வழங்குவதாகும்.

நான்காவது தெரிந்துவினையாடல். இவ்வேலையை இவன் முடிப்பான் என ஆய்ந்து, உரியவனிடம் உரிய பணியை ஒப்படைத்தல் இதன் கருத்து. இடக்கால் வாகுடையவரை எப்பக்கம் ஆடவைப்பது, உயரமானவரை எங்கு நிறுத்துவது, பெனால்டி உதைக்க யாரை அனுப்புவது ஆகிய முடிவுகள் இவ்வகையின.

இந்நான்கிலும் கோல் எண்ணிக்கை இடம்பெறவில்லை என்பதைக் காண்க. எண்ணிக்கை ஆட்டத்தின் விளைவு மட்டுமே. அது மட்டும் அணியின் தரத்தைக் காட்டிவிடாது. இதற்கு 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டி நல்ல சான்று. எம். சந்திரன் தலைமையில், மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் இடம்பெற்ற மலேசிய அணி, மேற்கு ஜெர்மனியிடம் 0–3 எனத் தோற்றது. அமெரிக்காவை 3–0 என வென்றது. மொரோக்கோவிடம் 0–6 எனத் தோற்றது. ஒரு வாரத்திற்குள் நிகழ்ந்த இம்மூன்று ஆட்டங்களில் எந்த ஒன்றை மட்டும் கண்டவரும் அவ்வணியைச் சரியாக அறிந்திருக்க இயலாது.

2010ஆம் ஆண்டுக் கிண்ணம் தரும் பாடம்

அண்மைக் காலத்தில் இரசிகர்களின் மதிப்பீட்டைப் பெரிதும் சோதித்த நிகழ்வு 2010ஆம் ஆண்டின் ஆசியான் வட்டாரச் சுசுகி கிண்ணப் போட்டியாகும். மலேசிய அணியின் பயிற்றுநராக இருந்தவர் முன்னாள் தேசிய ஆட்டக்காரரான கே. ராஜகோபால். முந்தைய ஆண்டு டிசம்பரில் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவர் பயிற்றுவித்த இளைஞர் அணி வியட்நாமை 1–0 என வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பின் மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கத்தைப் பெற்றுத் தந்திருந்தது.

2010 டிசம்பர் 1ஆம் நாள் ஜாகர்த்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1–5 எனத் தோற்றது. விளைவை மட்டும் நோக்குபவர் அன்றிரவே பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்றுதான் சொல்வார். நாம் மேற்கூறிய அளவுகோல்களைக் கொண்டு நோக்கினால் வேறு சில செய்திகள் புலப்படுகின்றன. அவ்வாட்டத்தில் முதல் கோலை அடித்தது மலேசியாவே. சமன் செய்த கோல், மலேசிய ஆட்டக்காரர் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் சென்ற பந்தால் வந்தது. திடல் எதிரணியினுடையது. அணியோ இளைஞர்கள் நிறைந்தது. இவை தோல்வியை நியாயப்படுத்துவன அல்ல. திருத்தக்கூடிய குறை எது, திருத்த இயலாத குறை எது எனப் பிரித்தறிய உதவுவன.

பின்னர் நிகழ்ந்தவற்றை நிரல்படக் காண்போம். தாய்லாந்துடன் 0–0, லாவோசுடன் 5–1, அரையிறுதியில் வியட்நாமுடன் 2–0, 0–0 என ஆடி மலேசியா இறுதியாட்டத்தை எட்டியது. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3–0 என வென்றது. டிசம்பர் 29ஆம் நாள் ஜாகர்த்தாவில் 1–2 எனத் தோற்றபோதும் மொத்தக் கணக்கில் 4–2 என முன்னிலை பெற்று, இக்கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் விட்ட அணி அடுத்த ஆறு ஆட்டங்களில் விட்டவை மூன்று கோல்கள் மட்டுமே. தற்காப்பில் இருந்த குறை திருத்தக்கூடியதாக இருந்தது, திருத்தவும்பட்டது. இருபத்தைந்து நாள் பொறுத்திருந்தவரே சரியாக மதிப்பிட்டவர் ஆனார்.

வெற்றியையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். புக்கிட் ஜாலில் ஆட்டத்தின் பிற்பாதியில், பார்வையாளர் பகுதியிலிருந்து பாய்ச்சப்பட்ட லேசர் ஒளியின் காரணமாக இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டது. மலேசியாவின் மூன்று கோல்களும் அத்தடைக்குப் பின்னர் வந்தவை. சாஃபி சாலி இரண்டும் அஷாரி சம்சுடின் ஒன்றும் அடித்த அக்கோல்களின் திறத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் பக்கத்துப் பார்வையாளரின் தவற்றையும் கணக்கில் சேர்த்துச் சொல்வதே நடுவுநிலைமை. மறு ஆட்டத்தில் கோல் ஏதும் விழாத நிலையில் இந்தோனேசியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஃபிர்மான் உத்தினா உதைத்த அப்பந்தைக் கோல் காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். அது வலைக்குள் சென்றிருந்தால் ஆட்டத்தின் போக்கு எவ்வாறு மாறியிருக்கும் என எண்ணிப் பார்ப்பவர், வெற்றியிலும் குறை காணக் கற்றவர் ஆவார்.

பயிற்றுநர் தமிழராக இருந்தமையால் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மவர் என்பதற்காகக் குறையை மறைப்பது ஒரு பிழை. நம்மவர் என்பதற்காகவே மிகையான கடுமையோடு நோக்குவது மற்றொரு பிழை. தோட்டத்து மாமா தன் மருமகனின் ஆட்டத்தை மதிப்பிட்ட முறை இங்கு வழிகாட்டத்தக்கது. அவர் உறவை மறுக்கவுமில்லை. உறவுக்காகப் பின்களத்துப் பிழையை மறைக்கவுமில்லை.

திடலுக்கு வெளியே உள்ள காரணங்கள்

மேற்கண்ட நான்கு அளவுகோல்களும் திடலுக்குள் நிகழ்வனவற்றை அளப்பவை. திடலுக்கு வெளியே உள்ள காரணங்களை அறியாத மதிப்பீடு குறையுடையது என்பதற்கு மலாக்கா மாநில அணியின் வரலாறே சான்றாகிறது. 1983ஆம் ஆண்டில் மலாக்கா அணி மலேசிய லீக்கில் முதலிடம் பெற்றது. நெடுங்காலத்திற்குப் பின் 2016ஆம் ஆண்டில் மலாக்கா யுனைடெட் பிரிமியர் லீக்கை வென்று, மறு ஆண்டு சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. குருபோங்கிலுள்ள ஹங் ஜெபாட் அரங்கிற்கு இரசிகர்கள் மீண்டும் திரண்டனர்.

அக்காலத்தில் கடைகளில் எழுந்த விவாதம் வியூகத்தைப் பற்றியது; வெளிநாட்டு ஆட்டக்காரரின் தேர்வைப் பற்றியது. அணியின் முடிவை உறுதி செய்ததோ சம்பள நிலுவை. 2023ஆம் ஆண்டுப் பருவத்திற்கான உரிமம் அதற்கு வழங்கப்படவில்லை. அதே காலக்கட்டத்தில், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவிலிருந்து வளர்ந்து 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடிவந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மலாக்கா மாநிலத்தின் பெயர் 2025–26ஆம் பருவத்தில் மலாக்கா எஃப்சி வாயிலாகவே மீண்டும் சூப்பர் லீக்கில் இடம்பெற்றது.

சம்பளம் கிட்டாத ஆட்டக்காரர் ஓடும் ஓட்டத்தையும் உரிய காலத்தில் சம்பளம் பெறுபவரின் ஓட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகுமா? கூலி வரவேண்டிய நாளில் வராவிட்டால் வீட்டில் என்ன நேரும் என்பது தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. பயிற்றுநரைக் கேட்கும் வினாக்களைச் சங்க நிருவாகத்தையும் கேட்பதே முழுமையான மதிப்பீடாகும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒப்பந்தம் நிறைவேற்றப்பட்டதா என்பவையும் இரசிகர் அறிய வேண்டிய செய்திகளே.

மரபின் இன்றைய நிலை

இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது தோட்டங்களுக்குத் தேவைப்பட்ட ஆள்களின் தொகை குறைந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகர் ஆகிய பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பத்து பெரெண்டாம் போன்ற இடங்களின் தொழிற்சாலைகளில் வேலை சுழல்முறையில் அமைந்தது. ஒருவர் காலையிலும் அவர் தம்பி இரவிலும் பணிக்குச் செல்லும் வீட்டில் இருவருக்கும் பொதுவான மாலைப்பொழுது என ஒன்று இல்லை. திடலின் இழப்பைப் பலர் பேசுகின்றனர். அத்திடலை நிறைத்த பொதுநேரத்தின் இழப்பு அதனினும் பெரிது என்பது எம் கருத்து.

இன்று உணவகத்துத் தொலைக்காட்சியில் இங்கிலாந்து அணிகளின் ஆட்டத்தைக் கண்டு விவாதிக்கும் இளைஞர்கள், வியூகத்தின் நுட்பங்களைத் தந்தையர் தலைமுறையினும் மிகுதியாக அறிந்திருக்கக்கூடும். ஒரே காட்சியைப் பலமுறை திருப்பிக் காணும் வசதியும் அவர்களுக்குண்டு. ஆயினும் அவர்கள் குறைகூறும் ஆட்டக்காரரை மறுநாள் சந்திக்கப் போவதில்லை. அவர் அடுத்து எங்கு நிற்க வேண்டும் எனச் சொல்லும் கடப்பாடும் இல்லை. அறிவு வளர்ந்திருக்க, பொறுப்பு குறைந்திருக்கிறது. சொற்கள் எளிதில் கடுமையாவதற்கு இதுவே காரணம் எனக் கருதுகிறோம்.

இதற்குத் தீர்வு நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளுள் திடலுள்ளவை, பள்ளிகளுக்கிடையிலான ஆட்டம் முடிந்ததும் மாணவர்களை அமரவைத்து, எது நன்றாக நடந்தது, எதை மாற்றலாம் என இரண்டிரண்டு வாக்கியங்களில் தமிழில் சொல்லச் செய்யலாம். அது மொழிப்பயிற்சியாகவும் சிந்தனைப் பயிற்சியாகவும் அமையும். தோட்ட அணிகளில் ஆடிய முதியோர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் ஆட்ட நினைவுகளையும் அவர்கள் கையாண்ட சொற்களையும் பல்கலைக்கழக மாணவர்கள் வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யலாம். பாடாங்குகள் பல மறைந்துவிட்ட நிலையில் இப்பணியைக் காலந்தாழ்த்துதல் தகாது.

முடிவுரை

ஆட்ட மதிப்பீடு, ஒரு செயலை அதன் விளைவிலிருந்து பிரித்து ஆராயும் பயிற்சியாகும். மலாக்காத் தோட்டத் தமிழர் அப்பயிற்சியைத் திடலோரத்திலும் பெரட்டுக் களத்திலும் பெற்றனர். வலி, காலம், இடம், ஆள் ஆகிய நான்கையும் எடைபோட்டு, திடலுக்கு வெளியே உள்ள நிருவாகத்தையும் கணக்கில் கொண்டு, குறையோடு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்வதே அம்மரபின் சாரம் என்பது இக்கட்டுரையின் வழி பெறப்படுகிறது. தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. ஆயினும் அடுத்த தோல்விக்குப் பின் உணவக மேசையில் அமர்ந்து பேசும்போது, அவ்வணி திருத்திக்கொள்ளக்கூடியது எது என முதலில் வினவும் பழக்கத்தை நாம் கைக்கொள்ள இயலும்.